மூன்று பதக்கம், மூன்று பிள்ளைகள்: ஆளுக்கொன்றாகப் பிரிக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்கள் அம்மா காலமான பிறகு பழைய வீட்டை ஒதுங்கவைக்கும்போது மச்சில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. உள்ளே அப்பாவுடைய தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கங்கள் மூன்று, விக்டோரியா ராணி காலம் தொட்டு 41 வெள்ளி ரூபாய், ஒரு கைப்பிடி அம்மன் காசும் திருவாங்கூர்ச் சக்கரமும், ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி செம்புக்காசு ஒன்று. அந்த ராமர் காசுக்கு 20 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் நடையாய் நடக்கிறார். வெள்ளி விலைக்கு எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன், 'இங்கே ஏலத்தில் விட்டால் பவுண்டில் வரும், பார்சல் போடு அக்கா' என்கிறான். மூன்று பதக்கம், மூன்று பிள்ளைகள், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம் என்பது தங்கை யோசனை. நான் ஐந்து ரூபாயை மட்டும் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், பளபளவென்று வந்துவிட்டது. மீதியையும் தேய்த்துவிட்டு ஏலத்துக்குக் கொடுக்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் புளியை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். மீதி 36 ரூபாயையும் இருக்கிறபடியே விடுங்கள். குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கை நமக்கு, கறுத்த உலோகத்தைக் கண்டால் சும்மா இருக்காது. ஆனால் நூறு வருஷத்து வெள்ளியின் மேல் இருக்கும் கருமை அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்ல மெல்லப் போர்த்திய தோல் அது. அதற்கு அடியில், அச்சு விழுந்தபோது உலோகம் ஓடிய மிக நுண்ணிய கோடுகள் இருக்கும். ஏலம் கேட்பவர் லென்ஸை வைத்துக்கொண்டு தேடுவது அந்தக் கோடுகளைத்தான். புளியோ பாத்திரப் பவுடரோ பட்டால் கருமையோடு அவையும் போய்விடும். அப்புறம் காசு பளபளக்கும், ஆனால் உயிர் இருக்காது. ஏலப் பட்டியலில் 'துலக்கப்பட்டது' என்ற ஒரு சொல் சேர்ந்துவிட்டால் விலை பாதிக்குப் பாதி இறங்குவதும் உண்டு.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி வந்ததே ஒரு தப்பால்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், 1835ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் ரூபாய் ஒன்று என் கைக்கு வந்தது. ஓரமெல்லாம் மயில் கழுத்து நீலம். அதைப் போய்க் கறை என்று நினைத்து, வெள்ளி துலக்கும் திரவத்தில் அரை நிமிஷம் முக்கி எடுத்தேன். எடுத்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் காசை விற்க மனசு வராமல் இன்னும் என் மேசை இழுப்பறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, 20 லட்சம் ராமர் காசுக்கு வருவோம். அந்த மனிதரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் படத்தில் காசின் ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனியின் பெயர், 'அரை அணா', 1818. இப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. இதே ரகத்தில் 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டவையும் சந்தையில் கிடைக்கின்றன. எல்லாமே பிற்காலத்தில், திருவிழாக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் விற்பதற்காகச் செய்தவை. கம்பெனி நாணயத்தில் சாமி படமே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. மதராஸ் நாணயச்சாலை அடித்த பகோடா என்ற காசுகளில் பெருமாள் உண்டு. 1807, 1808 வாக்கில் வந்த அரைப் பகோடா, கால் பகோடா வெள்ளிக்காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். மூன்று சுவாமி பகோடா என்றே ஒரு தங்கக்காசு உண்டு. அவை நிஜம். உங்களுடையது அந்தக் குடும்பம் இல்லை.

போலி என்று தெரிந்தும் ஒருவர் ஏன் 20 லட்சம் தருகிறேன் என்கிறார்? அதுதான் 'ரைஸ் புல்லிங்' வியாபாரம். காசைப் பக்கத்தில் கொண்டுபோனால் அரிசி நகரும், உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் கோடிக்கணக்கில் வாங்கும் என்று கதை ஓடும். அரிசிக்குள் இரும்புத்தூளும் காசுக்கு அடியில் காந்தமும் இருக்கும். கொஞ்ச நாளில் 'சோதனைக் கட்டணம்' என்று உங்களிடமே ஒரு தொகை கேட்பார்கள். அது கொடுத்ததும் இன்னொன்று. நம் ஊர்ப் பத்திரிகைகளில் இந்தக் கைதுச் செய்தி வராத வருஷம் இல்லை. பழைய காசு, நோட்டு வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. தாங்கள் அப்படிப்பட்ட வியாபாரம் எதுவும் செய்வதில்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் என்று செல்போனில் சுற்றும் வீடியோக்களும் இந்த ஜாதிதான்.

இதோடு ஒன்று. வருகிறவர்களிடம் கொஞ்சம் மர்மமாக இருக்கட்டும் என்று 'தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்தது' என்று யாராவது சொல்லியிருந்தால் உடனே திருத்திவிடுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்து சட்டம். மச்சில் இருந்த குடும்பப் பெட்டிக்கு அது பொருந்தாது. வீண் பெருமைக்குச் சொன்ன ஒரு பொய், பின்னால் ஏல நிறுவனம் 'எப்படி வந்தது' என்று எழுத்தில் கேட்கும்போது காலைச் சுற்றும்.

லண்டன் தம்பியின் யோசனை ஆசை காட்டக்கூடியதுதான். பதக்கம் சேர்ப்பவர்கள் இந்தியாவைவிட இங்கிலாந்தில் பல மடங்கு அதிகம். அங்கே அதற்கென்றே தனி ஏலங்கள் நடக்கின்றன. ஆனாலும் பார்சல் போடக்கூடாது. தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. நூறு வயதான நாணயமும், வரலாற்று மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி தொல்பொருள். தனியாள் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருஷம் சிறை, அபராதம் வேறு. உங்கள் விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் எல்லாம் அந்த வயதைத் தாண்டியவை. முதல் உலகப் போர்ப் பதக்கங்களும் நூறைக் கடந்துவிட்டன. தம்பி விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன் என்பான், அதற்கும் இதே சட்டம்தான். லண்டனில் விற்கும் பதக்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருப்பவை. உங்களுடையது இங்கே இருக்கிறது, இங்கேதான் விற்க முடியும். விலை கொஞ்சம் குறையலாம், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி ரூபாய்கள். படங்களை வைத்து எண்ணினேன்: 1840 போட்டவை 2, 1862 போட்டவை 9, பேரரசி என்று பெயர் மாறிய பிறகு வந்த விக்டோரியா 12, கிரீடம் இல்லாத எட்வர்டு 8, ஐந்தாம் ஜார்ஜ் 9, ஆறாம் ஜார்ஜ் 1. கணக்கு 41 சரியாக வருகிறது. உங்கள் வீட்டில் யாரும் இவற்றைச் சேகரிப்பாளர் கண்ணோடு சேர்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பழைய வெள்ளி ரூபாயைச் செல்லாது என்று சொல்லித் திரும்பக் கேட்டார்கள். கொடுக்க மனசில்லாமல் முந்தானையிலும் மச்சிலும் முடிந்து வைத்த வீடுகள் ஏராளம். உங்கள் பெட்டியும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

நாற்பத்தொன்றும் ஒரே எடை, 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. அந்த ரூபாயின் எடையைத்தான் ஒரு தோலா என்றார்கள். ஆறாம் ஜார்ஜைத் தவிர மற்ற நாற்பதிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 10.7 கிராம். எனவே எந்தத் தரகர் வந்து என்ன விலை சொன்னாலும், அன்றைய வெள்ளி விலையில் 10.7 கிராம் என்பது உங்கள் தரைமட்டம். அதற்குக் கீழே யாரும் கேட்கக்கூடாது. நகைக்கடைகளில் இருக்கிறதே, அந்த மாதிரி நுண்தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்தால் 11.4, 11.5 என்று வந்தால் பரவாயில்லை. 10.5 என்றோ 12.3 என்றோ வந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், வார்ப்புப் போலியாக இருக்கலாம். காந்தம் ஒட்டினால் பேச்சே இல்லை.

இதில் எதற்கு வெள்ளி விலைக்கு மேலே வரும்? 1862 என்று போட்டிருப்பதால் மட்டும் அந்த ஒன்பதும் 1862இல் அடித்தவை அல்ல. அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருஷத்துக் காசு, எந்த நாணயச்சாலை என்பதைப் பின்பக்கத்துச் சிறு புள்ளிகளை எண்ணித்தான் கண்டுபிடிப்பார்கள். சில புள்ளிக் கணக்குகள் அபூர்வம், பல சாதாரணம். 1840க்கும் இதே கதை, அதில் ராணியின் பெயர் தலைக்கு மேலே வளைவாக ஒரே ஓட்டமாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனி ரகம். உங்களுடைய இரண்டில் ஒன்று அப்படி, ஒன்று இப்படி இருக்கிறது.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது ஐந்தாம் ஜார்ஜில் ஒன்றை. 1911. அவர் அங்கியில் ஒரு சங்கிலி, அதில் ஒரு யானை. அந்த வருஷத்து அச்சில் யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிப்போய், பார்த்தால் பன்றி மாதிரி இருந்தது. முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று புகார் கிளம்பியதும் காசை நிறுத்தினார்கள். 94 லட்சம் அடித்ததில் ஏறத்தாழ 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது, மற்றதெல்லாம் உருக்கப்பட்டது. 1912இலிருந்து தும்பிக்கை நீண்டுவிட்டது. சேகரிப்பாளர்கள் 'பன்றி ரூபாய்' என்றே சொல்வார்கள். உங்களுடையது கொஞ்சம் புழங்கியது, ஆனால் துலக்காதது. மற்ற எட்டு ஜார்ஜையும் சேர்த்து வருவதைவிட இந்த ஒன்றுக்கு வரலாம். இதை மொத்தத்தோடு கலந்து கொடுத்துவிடாதீர்கள், ஏலப் பட்டியலில் அதற்கென்று தனி எண் கேளுங்கள்.

அம்மன் காசு புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. தமிழ்நாட்டில் பழைய பெட்டி என்று திறந்தால் இது இல்லாமல் இருக்காது. அதனாலேயே விலையும் இல்லை. சக்கரமும் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் ஏராளம். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். 28 சக்கரம் ஒரு திருவாங்கூர் ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கவும் ஆகும். ஆனால் அந்தக் கைப்பிடிக்குள் பாசி பிடித்த மாதிரி, உருவமே தெரியாத செம்பு ஏதாவது இருந்தால் அதையும் சுரண்டாமல் தனியாக எடுத்து வையுங்கள். 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய சங்ககாலப் பாண்டியர் காசு கூட அப்படித்தான் ஒரு காலத்தில் அடையாளம் தெரியாத செம்புத்துண்டாகக் கிடந்தது. உங்கள் பெட்டியில் அது இருக்கும் என்று சொல்லவில்லை, ஆசையை வளர்க்காதீர்கள்.

இப்போது பதக்கங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது இங்கேதான்.

காசுக்கும் பதக்கத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒரு 1901 ரூபாய்க்கு இன்னொரு 1901 ரூபாய் சமம், எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு விலை அதிகம், அவ்வளவுதான். பதக்கத்தில் ஆள் பெயர் இருக்கிறது. உங்கள் மூன்றில் நட்சத்திர வடிவில் இருப்பது 1914-15 நட்சத்திரம், அதன் தட்டையான பின்பக்கத்தில் எழுத்து இருக்கும். ஐந்தாம் ஜார்ஜ் தலையும் மறுபக்கம் குதிரை வீரனும் இருப்பது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெள்ளி. நீங்கள் இதை 'குதிரைப் பவுன் மாதிரி' என்று எழுதியிருந்தீர்கள், தப்பில்லை, இரண்டிலும் குதிரைமேல் ஆள்தான். சிறகு விரித்த பெண் இருப்பது வெற்றிப் பதக்கம், வெண்கலம். இந்த இரண்டிலும் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருப்பார்கள். படைவீரர் எண், பதவி, பெயர், பிரிவு. மூன்றிலும் இவை ஒன்றாக இருக்கின்றனவா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் எழுத்து வேறு மாதிரி இருந்தாலோ, விளிம்பு அரம் போட்டது போல் மெலிந்திருந்தாலோ, யாரோ பழைய பெயரை அழித்துப் புதுப்பெயர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குடும்பப் பெட்டியில் அப்படி இருக்காது, ஆனாலும் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் படத்தில் விளிம்பு முழுக்கத் தெரியவில்லை. '63' என்ற எண்ணும் 'சிப்பாய்' என்பதும் தெரிகின்றன. 63 என்றால், என் ஊகம், 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பேன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவு. பெயரில்தான் உங்கள் ஊர், ஆட்கள் மதராஸ் மாகாணம் முழுக்க இருந்து சேர்ந்தவர்கள். ஆனால் உங்கள் பூட்டனார் நிஜமாகவே உள்ளூர்க்காரர்.

இந்தப் படைப்பிரிவுக்கு ஒரு கதை உண்டு, கொஞ்சம் கசப்பான கதை. 1914 அக்டோபர் 16ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பலேறிய படையில் இவர்களும் இருந்தார்கள். ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க வேண்டும், அது இன்றைக்குத் தான்சானியாவில் இருக்கிறது. நெரிசலான கப்பலில் வாரக்கணக்காக வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தவர்களை, நவம்பர் முதல் வாரத்தில் புதர்க்காட்டுக் கரையில் இறக்கினார்கள். இந்தப் பக்கம் ஏறத்தாழ 8,000 பேர், எதிரே லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதியிடம் சுமார் 1,000 பேர். ஆனாலும் தோற்றது இவர்கள்தான். நடுவில் துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த காட்டுத்தேனீக்கள் வேறு கொட்டித் துரத்தின, அதனால் தேனீச் சண்டை என்றே பெயர் வந்துவிட்டது. 5ஆம் தேதி துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அந்தச் சண்டையில் 63ஆவது படை சிதறி ஓடியது என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் கடுமையாகவே இருக்கும். பயிற்சியும் போதாமல், புதுத் துப்பாக்கியோடு, யாரென்று தெரியாத அதிகாரிகளின்கீழ் இறக்கிவிட்டதைப் பற்றி அதே அளவு சத்தமாக எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் தேடிப் படிக்கும்போது மனசு சங்கடப்படக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன்.

உங்கள் பூட்டனார் டாங்காவில் இருந்தாரா என்பதை நட்சத்திரம் மட்டும் சொல்லிவிடாது. 1915 முடிவதற்குள் ஏதோ ஒரு போர்முனைக்குப் போயிருந்தார் என்பதுதான் அதன் பொருள். பிரான்ஸ், பெல்ஜியத்துக்கு 1914இலேயே போனவர்களுக்குத் தனியாக 1914 நட்சத்திரம் இருந்தது, மற்ற முனைகளுக்கு இதுதான். எனவே பெட்டியில் இன்னொரு முறை தேடுங்கள். காகிதம் எதுவாக இருந்தாலும் சரி. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், ஒரு தபால் அட்டை, சீருடையில் எடுத்த போட்டோ. வீட்டில் வயதானவர்கள் யாராவது 'ஆப்பிரிக்காவுக்குப் போனவர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பதக்கத்தோடு அந்தக் காகிதம் சேர்ந்தால், வெறும் மூன்று உலோகத் துண்டு ஒரு மனிதர் ஆகிவிடுகிறார். ஏலத்தில் கைகள் உயர்வது அப்போதுதான்.

இதனால்தான் தங்கையின் யோசனைக்கு வேண்டாம் என்கிறேன். பிரித்த கணத்திலேயே மூன்றும் சேர்ந்து ஒன்று என்ற மதிப்பு போய்விடும். சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பம் வெள்ளிப் பதக்கம் ஒன்றை மட்டும் என்னிடம் கொண்டுவந்தது. மற்ற இரண்டும் எங்கே என்றேன். ஒன்று கொழும்பில் அத்தை வீட்டில், இன்னொன்று யாரோ பேரன் பள்ளிக்கூட நாடகத்துக்கு எடுத்துப்போய்த் தொலைத்தது. அந்த வெள்ளி வட்டத்துக்கு வந்த விலை, கிட்டத்தட்ட வெள்ளிக்கு வந்த விலை. அந்த வீட்டு ஆள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. போர்ப் பதக்கத்தில் முப்பது கிராம் சுமாருக்கு வெள்ளி இருக்கிறது, மறுக்கவில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது இங்கிலாந்திலேயே இந்தப் பதக்கத்தை மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். இன்றைக்கு வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாக, ஜோடி வெள்ளி இல்லாமல் அனாதையாக அலைவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு வேடிக்கை: போரில் மூட்டை தூக்கிய தொழிலாளர் படைகளில் பலருக்கு இதே பதக்கத்தை வெள்ளியில் தராமல் வெண்கலத்தில் கொடுத்தார்கள். கூலிக்கு வெண்கலம் போதும் என்ற எண்ணம். அது மிகக் குறைவாகவே இருப்பதால் இன்று சேகரிப்பாளர்கள் அந்த வெண்கலத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். உலோக விலையை வைத்துக்கொண்டு பதக்கத்துக்குக் கணக்குப் போட முடியாது.

மூன்று பேருக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்றால் இரண்டே வழிதான். விற்காமல் வைப்பதானால் ஒரே சட்டத்தில் மூன்றையும் வைத்து, ஒருவர் வீட்டில் மாட்டி, மற்ற இருவருக்கும் நல்ல புகைப்படம் போட்டுக் கொடுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் அதை மாற்றாதீர்கள். விற்பதானால் மூன்றும் ஒரே எண்ணில் ஏலம் போய்ப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பதக்கத்தை இப்போதைக்கு விற்க வேண்டாம். தொகை உங்கள் குடும்பத்தில் யார் வாழ்க்கையையும் மாற்றப்போவதில்லை. விற்ற பிறகு திரும்பக் கிடைக்காது. ரூபாய்களை விற்கலாம், அவை நாளைக்கும் கிடைக்கும்.

ஏலம் என்று முடிவெடுத்தால் நடைமுறை இதுதான். நாணய ஏல நிறுவனங்கள் அதிகமும் மும்பை, அகமதாபாத், பெங்களூரு ஊர்களில் இருக்கின்றன. பழைய ஏலப் பட்டியல்களும் போன விலைகளும் இணையத்தில் கிடைக்கும். உங்கள் ரகக் காசு எந்த நிலையில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், தலைமையாசிரியைக்கு இது கஷ்டமில்லை. கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், போன விலையைப் பாருங்கள். இரண்டு நிறுவனங்களுக்காவது படம் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். பொருளைக் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: விற்பவரிடம் எவ்வளவு கமிஷன், எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, விற்காமல் திரும்பினால் ஏதாவது கட்டணம் உண்டா, விற்றால் எத்தனை நாளில் பணம். பொருள் அவர்கள் கையில் இருக்கும் வரை காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். வாங்குகிறவரிடமும் ஒரு சதவீதம் வாங்குவார்கள், ஜிஎஸ்டி வேறு. அது உங்கள் பையிலிருந்து போவதில்லை என்று தோன்றும், ஆனால் கேட்கிறவர் அதையும் மனசில் கழித்துக்கொண்டுதான் கையைத் தூக்குவார்.

குறைந்தபட்ச விலையை ரொம்ப உயரத்தில் வைக்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடிப்பார். வேண்டாம். யாரும் கேட்காமல் திரும்பிய காசு அடுத்த ஏலத்தில் பழைய முகமாகிவிடும். கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கினால் இரண்டு பேருக்குப் போட்டி வந்து தானே ஏறும். ரூபாய்களில் 1911ஐத் தனியாகவும், 1840 இரண்டையும் ஜோடியாகவும், 1862களைப் புள்ளி எண்ணியபின் தேறுவதைத் தனியாகவும் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஒரே கட்டாகப் போகட்டும்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, இது குடும்பச் சொத்து, விற்க எங்களுக்குச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருமான வரிக்கு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடிப்படையாக எடுக்கலாமா என்று மறக்காமல் கேளுங்கள். அதுவரை காசுகளைத் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அதில் இருக்கும் பிவிசி நம் ஊர் வெக்கைக்குக் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். தொடும்போது விளிம்பைப் பிடித்துத் தொடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

நீங்கள் புளி போட்டுத் தேய்த்த ஐந்தையும் பார்த்தேன். நல்லவேளை, ஐந்தும் எட்வர்டு, அதிலும் கோடிக்கணக்கில் அடித்த ஆண்டுகள். நஷ்டம் பெரிதில்லை, ஆனால் ஏலத்துக்கு இனி ஆகாது. வெள்ளிக் கடைக்குப் போக வேண்டும் என்று அண்ணன் துடிக்கிறார் அல்லவா, அந்த ஐந்தையும் அவரிடம் கொடுத்து அனுப்புங்கள். கையோடு ஆறாம் ஜார்ஜ் ரூபாயையும் எடுத்துப்போகப் பார்ப்பார். அது 1944, அதில் பாதிதான் வெள்ளி. கடைக்காரருக்கு அது தெரியும்.